பேப்பர் இருக்கா, அத்தை?

அன்புள்ள வாலு,

குச்சி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்காமலே மூலையில் வைத்துவிடுவாய் என்று விலாசத்தை என் வீட்டுக்காரரை விட்டு எழுத வைத்தேன். அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படித்துத் தபால்காரர் சரியான கதவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. போனை நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

சாப்பிடுகிறாயா? பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டானா? அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நாங்கள் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். என் அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நடந்ததில் பாதிதான் அவளுக்குத் தெரியும். மகள், லிஃப்ட் மாமா ஏன் வரவில்லை என்று கேட்டாள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு செத்துப்போய்விட்டார் என்றே சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

என்னைக் கஸ்டம்ஸ் கவுண்டரிலிருந்து ஸ்கேனர் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை இல்லை, நானே கேட்டு வாங்கியது. அங்கே யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பெட்டி வரும், போகும். துணி, சோப்பு, சாப்பாடு எல்லாம் திரையில் ஆரஞ்சாகத் தெரியும், இரும்பு நீலமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னம் மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது. ஊசியைப் பற்றி உன்னிடமே எழுதுகிறேன் பார். மன்னித்துக்கொள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசியாக நீ போனில் என்னிடம் சொன்னது ஒரே வரி. "நீ கேட்காம விட்டிருக்கலாம்டி." அதற்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு, லிஃப்ட் அண்ணாவுக்கு, வலி அவ்வளவு முற்றிப்போனது எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை. கஸ்டம்ஸில் இருக்கிறவளைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்று நீ நினைத்ததாக அத்தை பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்த வலி ஊசி தீர்ந்துபோனது, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டுத் தெரு மருந்துக்கடையில் கிடைக்கிறது என்று தெரிந்து மருமகனுக்காக அத்தை பஸ் ஏறிப் போனது, உங்கள் மாடிக்குக் கீழே டிக்கெட் விற்கிற டிராவல்ஸ்காரர் 'மருந்துச் சீட்டெல்லாம் கையில் கொண்டுபோகாதீங்க, சீட்டைப் பார்த்தாத்தான் பையைத் தோண்டுவாங்க' என்று யோசனை சொன்னது, எல்லாமே எனக்குப் பிறகு தெரிந்ததுதான்.

அன்று மத்தியானம் பஸ் வந்து நின்றது. எங்கள் கூடத்தில் கவுண்டர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் நான். இன்னொன்றில் இருந்தவரை ஆபீஸில் 'போங்கபோங்க' என்று கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டால் பையைத் திறக்கவே சொல்ல மாட்டார், 'போங்க போங்க' என்று கையை வீசிக்கொண்டே இருப்பார். அத்தை அவர் வரிசையில்தான் நின்றிருந்தார். முன்னால் நாலைந்து பேர்தான். துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்த விதத்திலேயே, அதில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட பாடம் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதையோ எழுதுவது மாதிரி பேனாவை ஓட்டினேன். அவர் அப்படியே போய்விட வேண்டும் என்று நினைத்தேன். இது சத்தியம்.

தலையை நிமிர்த்தியபோது அத்தை என் முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த வரிசையை விட்டு விலகி இந்த வரிசைக்கு வந்திருக்கிறார். எனக்குப் பின்னால் மேலதிகாரி நின்றார், வேறு வழியில்லாமல் போனது என்று எழுதினால் உனக்கும் எனக்கும் சுலபமாக இருக்கும். யாரும் நிற்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டார்.

"நீ இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா நான் பயந்துக்கிட்டே வந்திருக்க மாட்டேன்டி குச்சி. மாப்பிள்ளைக்கு வலி ஊசி வாங்கிட்டு வரேன். அடியில இருக்கு. ராத்திரி பூரா கத்துறாரு. சீக்கிரம் விடு."

சின்னக் குரலில் இல்லை. எப்போதும் பேசுகிற குரலில், என் அம்மா ஷிஃப்டுக்குப் போன நாட்களில் உங்கள் வீட்டு வாசலில் நின்று 'கை கழுவிட்டு வாடி' என்று கூப்பிடுவாரே, அதே குரலில். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

என் வாயிலிருந்து தினமும் நூறு தடவை வருகிற கேள்வி வந்தது. "பேப்பர் இருக்கா, அத்தை?"

அவர் சிரித்தார். "பேப்பரா? உன்கிட்ட என்னடி பேப்பர்?"

நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்தவர், என் சட்டையைப் பார்த்தார், அதில் இருந்த பட்டையைப் பார்த்தார். பிறகு பையை மேஜைமேல் வைத்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்பாய். யோசித்துச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஊசி போதை மருந்துப் பட்டியலில் வருவது. சீட்டும் அனுமதியும் இல்லாமல் உள்ளே விட முடியாதது. அதைக் கடத்துகிறவர்கள் கிழவிகள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறார்கள். எத்தனையோ பேர் அழுதுகொண்டே 'என் பிள்ளைக்கு' என்றும் 'என் மருமகனுக்கு' என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி பொய். இதெல்லாம் பிறகு நினைத்துப் பார்த்துச் சொல்லும் காரணம். அந்த நேரத்தில் கை தானாக முத்திரையை எடுத்தது.

அத்தையை நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பையிலிருந்த ஊசிப் பெட்டியை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அறிக்கையை நான்தான் எழுதினேன். முதல் வரியாக, 'பயணி யாரும் கேட்பதற்கு முன்பே தானாக முன்வந்து சொன்னார்' என்று எழுதினேன். அது உண்மை என்பதால் எழுதினேன். அந்த ஒரு வரிக்காகத்தான் சூப்பிரண்டு சாயங்காலமே அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார், காவலில் வைக்கவில்லை. டாக்டர் சீட்டும் சுகாதார அலுவலகத்து அனுமதியும் வந்தால் பெட்டியைத் திருப்பித் தந்துவிடுவோம் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவருகே வந்து டாக்டர் சீட்டைக் கொடுத்தாய். உள்ளே வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து அண்ணா, யாரு குச்சியா என்று கேட்டார். ஆமாண்ணா என்றேன். "நடுவுல மாட்டிக்கிச்சும்மா. மேலேயும் போகல, கீழேயும் வரல" என்றார். அவர் வேலை பார்க்கிற லிஃப்ட் பழுதானால் போனில் எங்களிடம் சொல்கிற அதே மாதிரி. நீ கதவைச் சாத்தினாய்.

சுகாதார அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். மறுநாள் வந்தவர், ஆஸ்பத்திரியைக் கேட்டுத்தான் போட முடியும் என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஓடினேன் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் ஓடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அனுமதி வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். உன் தெரு முனையில் திரும்பும்போது வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருப்பது தெரிந்தது. டிராவல்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

அத்தை என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். என் கையைப் பார்த்தார். "இப்ப எதுக்குடி இது?" என்றார். கோபமாக இல்லை. கடையில் மிச்சச் சில்லறை கொடுத்தால் கேட்பது மாதிரி கேட்டார். நான் அப்படியே திரும்பிவிட்டேன். உள்ளே வந்து அண்ணாவைப் பார்க்கவில்லை. யார் பேரில் அனுமதியோ அவர் இல்லை என்றால் மருந்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அதையும் சரியாகச் செய்தேன், பார்.

இனி நான் எழுத வந்த காரியம். வருகிற வியாழக்கிழமை அத்தைக்கு விசாரணை இருக்கிறது. நேற்று டிராவல்ஸ்காரர் எங்கள் ஆபீஸுக்கு வந்து, அத்தை சார்பில் கொடுக்கப்போகிற வாக்குமூலம் என்று ஒரு தாளைக் காட்டி, இது போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண், கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியைக் கொடுத்தாளாம். உள்ளே என்ன இருந்தது என்று அத்தைக்குத் தெரியாதாம். சுங்க அதிகாரி பயமுறுத்திச் சொல்ல வைத்தாளாம். யோசனை அவருடையது, எழுத்து உன்னுடையது. 'ழ'வுக்கு அவ்வளவு நீளமாகக் கால் இழுக்கிறவள் நீ ஒருத்திதான். அதில் அத்தை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

வாலு, அந்தத் தாளைக் கொடுக்காதே. இப்போது ஆபீஸ் கணக்கில் அத்தை யார்? மருமகனுக்கு மருந்து கொண்டுவந்தவர், கேட்கும் முன்பே உண்மையைச் சொன்னவர், சீட்டு மட்டும் கொண்டுவர மறந்தவர். டாக்டர் சீட்டு இருக்கிறது, நோயாளி யார் என்று தெரியும். எச்சரித்துக் கோப்பை மூடிவிடுவார்கள். தெரியாத பெண் கொடுத்தாள் என்று சொன்ன நிமிஷம், அத்தை அடுத்தவருக்காகப் போதை மருந்து சுமந்தவராகிவிடுவார். அந்தப் பெண் யார், எங்கே இறங்கினாள் என்று தோண்டுவார்கள். அவர் சொன்னது வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, போங்கபோங்க உட்பட. என்னையும் கூப்பிடுவார்கள். கேட்டால் நான் நடந்ததைத்தான் சொல்லுவேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு இப்போது தெம்பு இல்லை.

என்னைப் பற்றிய வரியை நீ வைத்துக்கொள். தனியாக எழுதிக் கொடுத்தாலும் சரி. அத்தை பயந்தாரா என்று கேட்டால் பயந்தார் என்றுதான் சொல்வேன். பேப்பர் கேட்ட பிறகு அந்த முகத்தில் பயம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மேல் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். பெட்டியைப் பற்றி மட்டும், அன்று அவர் வாயால் என்ன சொன்னாரோ அதையே சொல்லட்டும்.

இன்னொன்று. வரிசை மாறி வந்ததை அத்தையிடம் கேட்காதே. அவராக யோசித்துப் பார்க்காமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும்.

வியாழக்கிழமை டிராவல்ஸ்காரரை அனுப்பாமல் நீயே அழைத்து வா. விசாரணை அறையில் ஏசி அதிகம், அத்தைக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது எடுத்து வா. கூப்பிட நேரமாகும், கையில் சாப்பாடு இருக்கட்டும். நீயும் சாப்பிடு. ஸ்கேனர் அறை இடது பக்கம். அந்தப் பக்கம் பார்க்காமலேயே போகலாம்.

உன்
குச்சி


குச்சிக்கு,

உன் வீட்டுக்காரர் எழுத்தைத் தபால்காரர் படித்துவிட்டார். நானும் பிரித்துவிட்டேன்.

விசாரணை முடிந்த சேதி உன் ஆபீஸிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் உள்ளே பேசியது தெரிந்திருக்காது என்பதால் எழுதுகிறேன். அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. உன் கடிதத்தால் மட்டும் இல்லை. புதன்கிழமை அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்துக் கேட்டேன். முழுக்கக் கேட்டாள். "பஸ்ஸுல அப்படி ஒரு பொம்பளையே இல்லையே" என்றாள். இல்லம்மா, சும்மா அப்படிச் சொல்லணும் என்றேன். "மாப்பிள்ளைக்குன்னுதானே வாங்கினேன். இப்ப யாருக்கோ வாங்கினேன்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவளிடம் பேனாவை நீட்ட என்னால் முடியவில்லை. டிராவல்ஸ்காரருக்குக் கோபம். நல்லது செய்யப் போனவனுக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். இப்போது படியில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறார்.

உங்கள் சூப்பிரண்டு அம்மாவிடம் மரியாதையாகத்தான் பேசினார். அந்த அதிகாரி உங்களைப் பயமுறுத்தினாரா என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், டிராவல்ஸ்காரராகத்தான் இருக்கும். அம்மா, "பேப்பர் இருக்கான்னு கேட்டா. எனக்குப் பயம் வந்துடுச்சு. அவ பயமுறுத்தல, நானாத்தான் பயந்தேன்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். இனிமேல் சீட்டு இல்லாமல் மருந்து கொண்டுவரக் கூடாது என்று எச்சரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் யாருக்குக் கொண்டுவரப் போகிறாள்? சரி என்று தலையாட்டினாள்.

வரிசை மாறியதைப் பற்றி நீ கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளே சொன்னாள். "அந்த ஆளு விட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும்டி. குச்சியைப் பார்த்ததும் கால் தானா போயிடுச்சு." அப்புறம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். அவர் போன பிறகு அம்மா அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய், நாற்காலி, ஷட்டர் எல்லாம். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மறுநாள் நீ கேட்டதும் நான் உடனே எடுத்துக் கொடுத்தேனே, அந்தச் சீட்டு. அது அலமாரியில்தான் இருந்தது. அம்மா கிளம்பும்போது அதைக் கையில் எடுத்து, மடித்து, அவள் பையில் வைக்கப் போனேன். டிராவல்ஸ்காரர் சொன்னது ஞாபகம் வந்து திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன். டாக்டர் போட்ட தேதி அதில் இருக்கிறது, அம்மா கிளம்புவதற்கு முந்தின தேதி. நீ பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். தேதி பார்ப்பதுதானே உன் வேலை.

அவர் கடைசி நாள் அதிகம் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், குச்சி வந்தாளா என்று கேட்டார். வருவாள் என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பையன் பள்ளிக்கூடம் போகிறான். அம்மாவுக்குக் கால் பரவாயில்லை. எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, நேரமானால் சாப்பிட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் போகும்போது இடது பக்கம் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. நீ திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ரொம்ப மெலிந்துவிட்டாய். கூப்பிடலாம் என்று நின்றேன். கூப்பிட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

இப்போதைக்கு வராதே. உன் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்லுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக வராமலும் இருந்துவிடாதே. பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஒரு நாள் வா. வரட்டுமா என்று போன் பண்ணாதே, பண்ணினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். உன் பாட்டுக்கு வந்து உட்கார்.

இப்படிக்கு,
வாலு